பெயரும் பிழையும்: ஊவாத் தோட்டப் பதிவேடுகளின் வரலாறு

பதிவேடு வைக்கும் எந்த அமைப்பும் இரண்டு வினாக்களுக்கு விடை கண்டாக வேண்டும். பதியப்படும் ஒவ்வொன்றுக்கும் பிறிதொன்றோடு குழம்பாத பெயரை எவ்வாறு இடுவது என்பது ஒன்று. கேட்ட பெயர் ஏட்டில் கிடைக்காதபோதும், இரண்டு ஏடுகள் ஒன்றோடொன்று பொருந்தாதபோதும், அந்தப் பிழையை யாருடைய பொறுப்பில் திருத்துவது என்பது மற்றொன்று. கிளவுட் சேவைகளில் தரவுத்தளங்களை நடத்தும் இன்றைய பொறியாளர்கள் இவற்றைத் தம் துறைக்கே உரிய சிக்கல்களாகக் கருதக்கூடும். ஆனால் இலங்கையின் ஊவா மாகாணத்தில், பதுளையைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில், இவ்விரு வினாக்களும் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக மனிதரின் கூலியையும் வாக்கையும் குடியுரிமையையும் தீர்மானித்து வந்திருக்கின்றன.

ஊவா தனி மாகாணமாக அமைக்கப்பட்டது 1886இல் என்றாலும், அதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே அதன் மலைகளில் கோப்பி பயிரிடப்பட்டிருந்தது. இலங்கைக் கோப்பித் தொழிலை அழித்த இலைத்துரு நோய் 1869இல் முதலில் கண்டறியப்பட்டதும் ஊவாவின் மடுல்சீமைப் பகுதியில்தான். கோப்பி அழிந்த நிலங்களில் தேயிலை பரவியது. 1890இல் பிரித்தானிய வணிகர் தோமஸ் லிப்டன் ஹப்புத்தளைக்கு அருகிலுள்ள தம்பேத்தன்ன உள்ளிட்ட தோட்டங்களை வாங்கியதும், 1894இல் பண்டாரவளைக்கும் 1924இல் பதுளைக்கும் புகையிரதம் வந்து சேர்ந்ததும் அந்தப் பரவலுக்கு வேகம் தந்தன. தோட்டங்களுக்குப் பெயரிட்டவர்கள் அவற்றின் உரிமையாளர்களும் துரைமார் எனப்பட்ட மேலாளர்களுமே ஆவர். அவர்களுட் சிலர் ஐஸ்லபி, ரோகாம்ப்டன், கிளென் அல்பின், ஹொப்டன் என்று தம் நாட்டுப் பெயர்களைச் சூட்டினர். வேறு சிலர் கனவரல்ல, நாயபெத்த, தெல்பெத்த என அந்தந்த நிலத்துக்குரிய சிங்களப் பெயர்களையே ஏற்றுக்கொண்டனர். தொழிலாளர் நாவில் இவை தமிழ் உருப்பெற்றன. சில தோட்டங்களுக்கு முற்றிலும் வேறான தமிழ்ப் பெயர்களும் வழங்கின. ஆகவே ஆங்கிலப் பெயரால் அலுவலக ஏட்டில் அறியப்பட்ட தோட்டம், ஆள் சேர்க்கப்பட்ட தமிழகக் கிராமத்தில் இன்னொரு பெயரால் அறியப்பட்டிருக்கக் கூடும் என்பதைத் தொடக்கம் முதலே நிர்வாகம் கணக்கிலெடுக்க வேண்டியிருந்தது.

தோட்டத்துக்குள் பெயரிடும் முறை படிநிலையாக அமைந்தது. தோட்டம் பிரிவுகளாகவும், பிரிவு லயங்களாகவும், லயம் காம்பராக்களாகவும் பகுக்கப்பட்டது. லயம் என்பது ஒரே கூரையின் கீழ் வரிசையாக அமைந்த சிற்றறைகளின் தொகுதி, காம்பரா என்பது அதில் ஒரு குடும்பத்துக்கு ஒதுக்கப்பட்ட அறை. மேற்பிரிவும் கீழ்ப்பிரிவும் பல தோட்டங்களில் இருந்தன; பத்தாம் இலக்க லயமும் அவ்வாறே பல இடங்களில் இருந்திருக்கும். எனவே இப்பெயர்கள் தத்தம் தோட்ட எல்லைக்குள் மட்டுமே தனித்துவம் உடையவையாக இருந்தன. அந்த எல்லையைத் தாண்டியதும் அவை பயனற்றுப் போனமையால், லயத்தில் வாழ்ந்தவருக்கு வந்த கடிதம் அவருடைய காம்பராவுக்கு நேரே போகாமல் தோட்ட அலுவலகத்துக்கே போய்ச் சேர்ந்தது. வெளியுலகின் கண்ணுக்கு முகவரி என்று ஒன்று இருந்தது தோட்டத்துக்குத்தான். அங்கு வாழ்ந்தவர் அதன் உட்பொருளாக மட்டுமே கருதப்பட்டார்.

ஆட்களைப் பொறுத்தவரை பெயரிடலின் மையமாக விளங்கியது செக்ரோல் எனப்படும் வேலைப் பதிவேடு ஆகும். விடியற்காலையில் பிரட்டுக்களம் எனப்பட்ட திடலில் தொழிலாளர் கூடுவர். கணக்கப்பிள்ளை ஆட்களைக் கணக்கிட்டு வேலை பிரித்துவிட, அன்றைய உழைப்பு ஏட்டில் அவரவர் பெயருக்கு எதிரே குறிக்கப்படும். குறித்த நிறைக்குக் கொழுந்து பறித்தவருக்கு முழுப்பேரும், குறைந்தவருக்கு அரைப்பேரும் விழும் என்பது தோட்ட வழக்கு; அரைப்பேர் என்றால் பாதி நாள் கூலி. இந்த ஏடு நிர்வாக வசதிக்கான கருவி என்ற நிலையிலிருந்து சட்டத்தின் அடிப்படையாக உயர்ந்தது 1889ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தால் ஆகும். அச்சட்டம் தொழிலாளி என்பவரைத் தோட்டப் பதிவேட்டில் பெயர் இடம்பெற்றவர் என்றே வரையறுத்தது. ஒருவர் உழைத்தாரா என்பதைவிட, உழைத்தவராக எழுதப்பட்டிருக்கிறாரா என்பதே முதன்மை பெற்றதனால், ஏட்டை எழுதிய கையின் தவறு எழுதப்பட்டவரின் உரிமையைத் தொடக்கூடியதாயிற்று.

அந்தக் கை தவறு செய்வதற்கான காரணங்கள் பல இருந்தன. ஒரு தோட்டத்தில் ஒரே பெயருடைய ராமசாமிகளும் முத்துசாமிகளும் கருப்பாயிகளும் பலர் இருந்தனர். அவர்களைப் பிரித்தறிய, ஆட்களைச் சேர்த்து மேற்பார்த்த கங்காணியின் பெயரும், தகப்பன் பெயரும், பதிவு இலக்கமும் துணைக்கு அழைக்கப்பட்டன. தமிழில் சொல்லப்பட்ட பெயரைக் கிளாக்கர் எனப்பட்ட அலுவலக எழுத்தர் ஆங்கில எழுத்துகளில் எழுதியபோது, எழுதியவரின் பழக்கத்துக்கேற்ப ஒரே பெயர் வெவ்வேறு உருவங்களைப் பெற்றது. வீட்டில் வழங்கிய பெயர் ஓர் ஏட்டிலும், குலதெய்வத்தின் பேரால் இடப்பட்ட பெயர் இன்னோர் ஏட்டிலும் ஏறுவதும் உண்டு. எழுதப் படிக்கத் தெரியாதவர் தம் பெயர் எவ்வாறு எழுதப்பட்டது என்பதைச் சரிபார்க்க வழி இருக்கவில்லை. கூலி கிடைத்த வரையில் அதைச் சரிபார்க்க வேண்டிய தேவையும் எழவில்லை.

பெயரின் இந்த நெகிழ்ச்சியை இலக்கத்தால் கடக்க முயன்ற முதற்பெரும் ஏற்பாடு 1901இல் நடைமுறைக்கு வந்த தகர வில்லை முறையாகும். தமிழகத்திலிருந்து புறப்படும் ஒவ்வொருவருக்கும் சிறிய வட்டமான தகர வில்லை ஒன்று வழங்கப்பட்டது. அதில் தோட்டம் அமைந்த மாவட்டத்தைச் சுட்டும் எழுத்தும், தோட்டத்தைச் சுட்டும் எண்ணும், ஆளைச் சுட்டும் தொடரிலக்கமும் பொறிக்கப்பட்டிருந்தன. வில்லையைக் காட்டினால் வழிப்பயணமும் உணவும் கிடைக்கும். அரசு முன்கூட்டிச் செலுத்திய அந்தச் செலவு வில்லையில் கண்ட தோட்டத்தின் கணக்கில் எழுதப்பட்டுப் பின்னர் அறவிடப்படும். திருச்சிராப்பள்ளியைத் தலைமையிடமாகக் கொண்டு 1904இல் தோன்றிய இலங்கைத் தொழில் ஆணையகம் இந்த ஆட்சேர்ப்பை மேலும் ஒழுங்குபடுத்தியது. மாவட்டம், தோட்டம், ஆள் என்ற மூன்று படிகளும் ஒரு சிறு தகரத்தில் அடங்கியதால், பிரட்டுக்களத்தில் குழம்பிய பெயர் பயணத்தில் குழம்பவில்லை. ஆயினும் அந்த இலக்கம் ஆளுக்கு எந்த உரிமையையும் வழங்கவில்லை. எந்தத் தோட்டம் செலவை ஏற்க வேண்டும் என்பதை மட்டுமே அது அறிவித்தது.

தோட்டத்திலிருந்து தோட்டத்துக்கு மாறுவதைக் கட்டுப்படுத்திய ஆவணம் துண்டு எனப்பட்டது. ஒரு கங்காணியும் அவர்கீழ் உள்ள இத்தனை ஆட்களும், இத்தனை ரூபாய் கடன் தீர்க்கப்பட்டதும் விடுவிக்கப்படுவர் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டே அது. கடனைத் தீர்க்க முன்வந்த தோட்டம் ஆட்களைப் பெற்றுக்கொண்டது. புதிய தோட்டத்தில் அதே கடன் கங்காணியின் கணக்கிலும், அவர் வழியாகத் தொழிலாளர் தலையிலும் ஏறியது. துண்டில் எழுதப்பட்டது தொகையும் தலைகளின் எண்ணிக்கையுமே என்பதால், தம்மீது எவ்வளவு கடன் எழுதப்பட்டுள்ளது, அது எவ்வாறு பெருகியது என்பதைத் தனி ஒருவர் கேட்டறிய வழி அரிதாயிற்று. 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் துண்டு முறையையும், வேலை ஒப்பந்தத்தை மீறியதற்காகத் தொழிலாளரைச் சிறையிடும் விதிகளையும் ஒழித்தது.

இந்த ஏடுகள் அனைத்தும் கூலிக்கும் கடனுக்குமாக எழுதப்பட்டவை. அவற்றை எழுதியவர்கள் கற்பனை செய்திராத ஒரு பயன் சுதந்திரத்துக்குப் பின்னர் அவற்றின்மீது சுமத்தப்பட்டது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க இலங்கைக் குடியுரிமைச் சட்டம், இத்தோட்டத் தொழிலாளரின் சமூகமான மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரைக் குடியுரிமைக்குப் புறத்தே நிறுத்தியது. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் குடியுரிமைச் சட்டம் விண்ணப்பித்துப் பெறும் வழி ஒன்றைத் திறந்தது. அந்த வழியில் செல்ல, 1946 ஜனவரி 1ஆம் தேதிக்கு உடன்முந்திய காலத்தில், மணமானவர் ஏழு ஆண்டுகளும் மணமாகாதவர் பத்து ஆண்டுகளும் இலங்கையில் இடைவிடாது வசித்ததை நிறுவ வேண்டியிருந்தது. பன்னிரண்டு மாதங்களுக்கு மேற்பட்ட பயணம் அந்தத் தொடர்ச்சியை முறித்துவிடும். பதுளை, பசறை, லுணுகலை, ஹப்புத்தளைத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களும் இதை நிறுவுவதற்குக் கையில் இருந்த சான்று, பெரும்பாலும், செக்ரோலும் பிறப்புப் பதிவுமே.

மலையகத் தமிழரின் அரசியல் அமைப்பான இலங்கை இந்தியக் காங்கிரஸ் தொடக்கத்தில் இச்சட்டத்தைப் புறக்கணித்துப் பின்னர் அந்த முடிவைக் கைவிட்டதால், கெடு முடிந்த 1951 ஆகஸ்ட் 5ஆம் தேதிக்கு முந்திய காலத்தில் விண்ணப்பங்கள் குவிந்தன. மொத்தம் சுமார் 2,37,000 விண்ணப்பங்கள் ஏறத்தாழ 8,25,000 பேருக்காக அளிக்கப்பட்டன. விசாரணைகள் ஒரு பத்தாண்டுக்கு மேல் நீண்டு முடிந்தபோது குடியுரிமை பெற்றவர்கள் சுமார் 1,34,000 பேரே. நிராகரிப்புகளுக்கு அரசியல் காரணங்கள் இருந்தமை வெளிப்படை. ஆனால் அவை ஆவணத்தின் மொழியிலேயே நிகழ்ந்தன. ஓர் ஏட்டில் கண்ட பெயர் மற்றொன்றில் வேறாக இருத்தல், வயது பொருந்தாமை, தகப்பன் பெயர் மாறியிருத்தல், மனைவியின் வதிவைக் காட்டும் பதிவு இல்லாமை ஆகியன விசாரணை மேசையில் விண்ணப்பதாரரை நோக்கிய கேள்விகளாயின. ஏட்டை எழுதியது தோட்ட அலுவலகம். அதைப் பாதுகாத்திருக்க வேண்டியதும் அதுவே. எனினும் ஏடு தொலைந்தபோதும் திரிந்தபோதும் விளைவைச் சுமந்தவர், அதைத் தொட்டும் பார்த்திராத தொழிலாளியே.

எஞ்சியவர்கள் ஒப்பந்தங்களில் தொகைகளாக இடம்பெற்றனர். 1964 அக்டோபர் 30ஆம் தேதி இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையே கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கில் கொண்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் ஒதுக்கியது. மீதி 1,50,000 பேரை இரு நாடுகளும் சரிபாதியாக ஏற்பது 1974இல் முடிவாயிற்று. அதற்குப் பின் வந்த சட்டங்கள் வேறொரு திசையில் சென்றன. 1986, 1988, 2003 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் நாடற்றவர் நிலையைப் படிப்படியாக நீக்கியபோது, விண்ணப்பதாரரிடம் ஏடு கேட்கும் பழைய முறை தளர்ந்தது. குறிப்பாக 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்து வருபவருக்கும் அவருடைய வழித்தோன்றல்களுக்கும் குடியுரிமையை உறுதிசெய்தது. தனித்தனி ஆவணங்களை ஒப்பிட்டுக் குறை காண்பதைக் கைவிட்டு, ஒரு வகுப்பினர் அனைவரையும் உரியவராக ஏற்ற பின்னரே பிழைத்திருத்தம் நடந்தேறியது என்பது இந்த வரலாற்றின் மிக முக்கியமான செய்தியாகும்.

குடியுரிமை கிடைத்ததோடு பெயர்ச் சிக்கல் முடிந்துவிடவில்லை. அது அடையாள அட்டைக்கு இடம்மாறியது. 1968ஆம் ஆண்டின் ஆட்பதிவுச் சட்டத்தின்கீழ் 1972 முதல் வழங்கப்பட்ட தேசிய அடையாள அட்டையின் இலக்கம் நுட்பமாக வடிவமைக்கப்பட்டது. முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டையும், அடுத்த மூன்று அந்த ஆண்டில் பிறந்த நாள் எத்தனையாவது என்பதையும் காட்டும். பெண்களுக்கு அந்த நாளெண்ணுடன் 500 கூட்டப்படும். 1975 பெப்ரவரி 1ஆம் தேதி பிறந்த ஆணின் இலக்கம் 75032 என்றும், அதே நாளில் பிறந்த பெண்ணின் இலக்கம் 75532 என்றும் தொடங்குவது இதனால்தான். இவற்றைத் தொடர்ந்து வரும் தொடரிலக்கத்துக்குப் பின் சரிபார்ப்பு இலக்கம் ஒன்று நிற்கும். முன்னுள்ள இலக்கங்களைக் கணித்துப் பெறப்படும் அது, எழுதும்போது ஓர் எண் மாறிவிட்டால் காட்டிக்கொடுக்கும். 2000ஆம் ஆண்டில் பிறந்தவர்கள் அட்டைக்குரிய பதினாறு வயதை எட்டும் வேளையில், ஈரிலக்க ஆண்டு 1900ஐயும் 2000ஐயும் பிரித்துக்காட்டாது என்ற குறை எழுந்தது. 2016 முதல் நாலிலக்க ஆண்டு கொண்ட 12 இலக்க எண் வழங்கப்பட்டு அது தீர்க்கப்பட்டது.

எண்ணில் நேரும் பிழையைக் கண்டுபிடிக்க இவ்வளவு கவனம் செலுத்திய அட்டை, பெயரில் நேரும் பிழைக்கு அத்தகைய காப்பு எதையும் கொண்டிருக்கவில்லை. வடக்கு கிழக்குக்கு வெளியே நீண்ட காலம் அட்டையின் விவரங்கள் சிங்களத்திலேயே எழுதப்பட்டன. சிங்கள எழுத்தில் ழகரம் இல்லாமையால் கனிமொழியும் புகழேந்தியும் லகர ளகரங்களாக மாறிப் பின்னர் ஆங்கிலத்துக்குப் போனபோது மூன்றாவது உருவமும் பெற்றனர். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, தோட்டப் பதிவேடு, ஊழியர் சேமலாப நிதிக் கணக்கு ஆகிய நான்கும் நான்கு பெயர்களைக் காட்டும் நிலை இவ்வாறு உருவாயிற்று. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சேமலாப நிதியில் உறுப்பினர் இலக்கம் தொழில்தருநரின் இலக்கத்தோடு சேர்ந்தே பொருள்தரும். 1970களின் நிலச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992இல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் கைக்கு மாறிய பின்பு ஓய்வுபெறும் ஒருவர், அதே மலையில் கொழுந்து பறித்தவராயினும், ஒன்றுக்கு மேற்பட்ட கணக்குகளுக்கு உரியவராக இருக்கக்கூடும். அந்தக் கணக்குகள் ஒருவருடையவையே என்பதை நிறுவ அவர் கிராம உத்தியோகத்தரிடமும் பதிவாளரிடமும் அலைந்து, சத்தியக் கடதாசி முடித்து, நாட்கூலியை இழக்க வேண்டியிருக்கிறது.

பதிவின் பலவீனம் உயிரிழப்பின் கணக்கிலும் வெளிப்பட்டது. 2014 அக்டோபர் 29ஆம் தேதி கொஸ்லாந்தைக்கு அருகே மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது, காணாமற்போனவர் தொகை தொடக்கத்தில் நூற்றுக்கணக்கில் கூறப்பட்டுப் பின்னர் பெருமளவு குறைந்தது. எந்தக் காம்பராவில் அன்று எவர் இருந்தார் என்பதை உடனே சொல்லவல்ல பதிவு வெளியே இல்லாதிருந்தது.

இந்தப் பின்னணியில் இன்றைய கணினித்துறையின் பெயரிடல் விதிகளைப் பார்ப்பது பயனுடையது. கிளவுட் என்பது தொலைவிலுள்ள நிறுவனம் ஒன்றின் கணினிகளை இணையத்தின் வழியே வாடகைக்குப் பயன்படுத்துவது. அங்கே தனித்து இயங்கும் ஒவ்வொரு தரவுத்தளச் சூழலும் ஓர் இன்ஸ்டன்ஸ் எனப்படும். 2009இல் அமேசான் தொடங்கிய ஆர்டிஎஸ் சேவையில் இன்ஸ்டன்ஸின் பெயர் ஆங்கில எழுத்தில் தொடங்க வேண்டும். 63 எழுத்துகளுக்கு மிகக் கூடாது. ஒரு கணக்கில், ஒரு பிராந்தியத்துக்குள், இன்னொன்றுக்கு அதே பெயர் இருக்கக் கூடாது. 63 என்ற எல்லை இணைய முகவரிப் பெயரின் ஒவ்வொரு பகுதிக்கும் 1987இல் வகுக்கப்பட்ட விதியில் உள்ள எல்லையே. தகர வில்லையின் மாவட்டம், தோட்டம், ஆள் என்ற வரிசை இங்கே பிராந்தியம், கணக்கு, இன்ஸ்டன்ஸ் என்ற வரிசையாக நிற்கிறது.

தரவுத்தளத்தை நிர்வகிக்கும் சேவையோடு மென்பொருள் உரையாடும் வரையறுத்த முறை ஏபிஐ எனவும், கேட்கும் பக்கம் கிளையன்ட் எனவும், விடையளிக்கும் பக்கம் சேர்வர் எனவும் வழங்கும். விடையோடு வரும் மூவிலக்கக் குறி பிழையின் வகையைச் சொல்லும். 404 என்றால் கேட்ட பெயரில் எதுவும் இல்லை; 409 என்றால் ஏற்கெனவே உள்ள நிலையோடு கோரிக்கை மோதுகிறது; 429 என்றால் கோரிக்கைகள் அளவுமீறி வருகின்றன; 503 என்றால் சேவை தற்காலிகமாக இயலாதிருக்கிறது. இவற்றுள் 400 வரிசை கேட்டவரின் பிழை, 500 வரிசை விடையளிப்பவரின் பிழை என்ற பாகுபாடே அடிப்படையானது. நன்கு எழுதப்பட்ட கிளையன்ட் 503 வந்தால் சற்று இடைவெளி விட்டு, இடைவெளியைப் பெருக்கிக்கொண்டே மீண்டும் கேட்கும். 404 வந்தால் பெயரைச் சரிபார்க்கும். தன் ஏடு பழுதுபட்டிருக்கையில் கேட்டவர்மீது 400 வரிசைக் குறியைச் சுமத்தும் சேர்வரோடு எந்தக் கிளையன்டும் சரியாக நடந்துகொள்ள முடியாது. எத்தனை முறை திருத்திக் கேட்டாலும் விடை மாறப்போவதில்லை.

ஊவாத் தோட்டப் பதிவேடுகளின் வரலாறு இந்தத் தவறான குறியீட்டின் வரலாறாகவே அமைந்திருக்கிறது. தோட்ட அலுவலகத்தின் எழுத்துப் பிழையும், தொலைந்த செக்ரோலும், சிங்கள எழுத்தில் இடம்பெற இயலாத ழகரமும் ஏடு வைத்தவரின் பக்கத்துக் குறைகள். அவை ஒவ்வொரு முறையும் விண்ணப்பதாரரின் குறைகளாக அறிவிக்கப்பட்டன. அவர் சுமையேற்றுத் திருத்தும்படி பணிக்கப்பட்டார்.

இதைக் கருத்திற் கொள்ளவேண்டிய தருணம் இதுவே. 2005இல் பதுளையில் தோன்றிய ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்தில் தேயிலைத் தொழில்நுட்பமும் கணினி அறிவியலும் ஒரே வளாகத்தில் கற்பிக்கப்படுகின்றன. சில தோட்டங்களில் கொழுந்தின் நிறை டிஜிட்டல் தராசு வழியே நேரே கணினியில் ஏறுகிறது. இந்தியாவின் நிதியுதவியோடு நாடு தழுவிய தனித்துவ டிஜிட்டல் அடையாளத் திட்டத்துக்கு 2022இல் உடன்பாடு காணப்பட்டுள்ளது. அந்தத் தரவுத்தளங்களில் ஏறப்போவது பழைய ஏடுகளின் பெயர்களே. பெயர் பொருந்தாத பதிவை நிராகரிக்காமல் நிறுத்தி வைக்கவும், ஒருவரின் பல எழுத்துருவங்களை ஒரே இலக்கத்தின்கீழ் ஏற்கவும், திருத்தும் பொறுப்பை அலுவலகத்தின்மீதே வைக்கவும் அவற்றை வடிவமைப்போர் முன்வர வேண்டும். ஏடு யாருடையதோ, பிழையும் அவருடையதே என்ற விதி சட்டத்திலும் மென்பொருளிலும் எழுதப்படாத வரையில், புதிய அமைப்பு பழைய அநீதியை இன்னும் விரைவாகச் செய்யும்.